வறட்சிக்கு என்ன நிறம்?

ஜூலை மாதத்து மாலை. ஐதராபாத்தின் கொண்டாப்பூரில் மழை பிடித்துவிட்டால் கொத்தகூடா சந்திப்பில் வண்டிகள் நகராது. அலுவலகத்திலேயே இருந்து வேலையை முடிப்பது மேல். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த விருதுநகர் மாவட்டத்துப் பெண் ஒருத்தி, பவர் பிஐ என்ற ரிப்போர்ட் மென்பொருளைப் பழகுவதற்காக ஒரு பயிற்சி செய்துகொண்டிருந்தாள். இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் மாவட்டவாரி மழை வரைபடத்தை அதே நிறங்களோடு டாஷ்போர்டாக மாற்ற வேண்டும் என்பது பயிற்சி. தெலங்கானாவின் 33 மாவட்டங்களையும் வண்ணமிட்டு முடித்தவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, இதுல சிவப்பா இருக்கிற ஜில்லா மோசமா, மஞ்சளா இருக்கிறது மோசமா?"

நான் சட்டென்று சிவப்பு என்றேன். அவள் வரைபடத்தின் மூலையில் இருந்த நிற விளக்கத்தைக் காட்டினாள். இயல்பைவிட 60 சதவீதமோ அதற்கு மேலோ கூடுதல் மழை என்றால் அடர் நீலம். 20 முதல் 59 சதவீதம் கூடுதல் என்றால் வெளிர் நீலம். இயல்பிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் பச்சை. 20 முதல் 59 சதவீதம் குறைந்தால் சிவப்பு. 60 முதல் 99 சதவீதம் குறைந்தால் மஞ்சள். மழையே இல்லை என்றால் வெள்ளை. அதாவது, பாதி மழை பெய்த மாவட்டம் சிவப்பு. கால்வாசிகூடப் பெய்யாத மாவட்டம் மஞ்சள். பல வருடங்களாக இந்த வரைபடத்தைப் பார்க்கிறேன். நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் வந்துகொண்டே இருக்கிறது. ஒருமுறைகூட அந்த மூலையை நிதானமாகப் படித்ததில்லை என்பது அவள் கேட்ட பிறகுதான் உறைத்தது.

இதே துறை இன்னொரு வரைபடமும் வெளியிடுகிறது. அடுத்த சில நாட்களுக்கான எச்சரிக்கை வரைபடம். அதில் பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை, மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள். இங்கே சிவப்புதான் உச்சம்; மஞ்சள் அதற்கு இரண்டு படி கீழே. ஒரே துறை, ஒரே மழை, ஒரே மாவட்டங்கள். ஒரு வரைபடத்தில் மஞ்சளைவிடச் சிவப்பு கடுமை. மற்றதில் சிவப்பைவிட மஞ்சள் கடுமை. 'ரெட் அலர்ட்' என்ற சொல் தமிழ் வீடுகளில் 'பள்ளிக்கூடம் லீவு' என்பதற்கு நிகராகப் புழங்கும் இந்தக் காலத்தில், மழை பொய்த்துக் காய்ந்து கிடக்கும் மாவட்டம் மஞ்சள் நிறத்தில் சாதுவாகத் தெரிவது சின்ன விஷயமில்லை.

நிறங்களைத் தேர்ந்தவர்கள் அறியாமல் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அடர் நீலத்திலிருந்து வெள்ளை வரை ஈரம் வடிந்துகொண்டே போவதாக அந்த வரிசையைப் படித்தால் அதிலும் ஒரு நியாயம் தென்படும். ஆனால் பார்ப்பவர் அப்படிப் படிப்பதில்லை. அவர் சாலையில் சிக்னலைப் பார்த்துப் பழகியவர். அவர் கண்ணுக்குச் சிவப்பு என்றால் ஆபத்து. மஞ்சள் என்றால் இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது.

ரிப்போர்ட் மென்பொருளில் நிறத்தை மாற்றுவது ஒப்பனை வேலை என்று எங்கள் தொழிலிலேயே பலர் நினைக்கிறார்கள். தகவலைச் சேர்த்து, கணக்கைச் சரிபார்த்து, எல்லாம் முடிந்த பிறகு வெள்ளிக்கிழமை மாலையில் செய்வது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சார்ட்டில் நிறம் என்பது ஒரு கூற்று. 'இதுவும் இதுவும் ஒரே வகை', 'இது அதைவிட மோசம்', 'இதை மட்டும் பார்' என்று வாய் திறக்காமல் சொல்லும் வாக்கியம் அது. கணக்கு சரியாக இருந்து அந்த வாக்கியம் பிழையானால், படிப்பவர் பிழையைத்தான் எடுத்துப்போவார்.

மென்பொருள் தானாக நிறம் போடும்போது என்ன செய்கிறது என்பதைக் கவனித்தால் இது விளங்கும். எக்செலுக்குச் சென்னை எது, கோவை எது என்று தெரியாது. முதலில் வருவதற்கு முதல் நிறம், இரண்டாவதாக வருவதற்கு இரண்டாம் நிறம், அவ்வளவுதான் அதன் கணக்கு. பல வருடங்களுக்கு முன், வேறொரு வேலையில் இருந்தபோது, மாதாந்திர விற்பனை அறிக்கை ஒன்றை நான் அனுப்பிவந்தேன். ஐந்து மண்டலங்கள், ஒரு வட்ட சார்ட். எந்த மண்டலத்தில் விற்பனை அதிகமோ அது மேலே வரும்படி வரிசைப்படுத்தியிருந்தேன். ஒரு மாதம் முதலிடமும் இரண்டாமிடமும் இடம் மாறின. நிறங்கள் இடத்தோடு ஒட்டியிருந்தன, மண்டலங்களோடு ஒட்டவில்லை. நீலம் என்றால் தெற்கு என்று ஆறு மாதம் பழகிய கண் அந்த மாதமும் நீலத்தைத் தெற்கு என்றே படித்தது. கூட்டத்தில் அரைமணி நேரம் தெற்கு மண்டலத்தைப் பாராட்டிப் பேசிவிட்டார்கள். யாரோ ஒருவர் அட்டவணையைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தவறு என்னுடையது. எண் ஒன்றுகூடப் பிசகவில்லை என்று அன்று நான் சமாதானம் சொன்னேன்; இன்று அந்தச் சமாதானம் எனக்கே செல்லுபடியாகவில்லை.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த வேலை தொடங்கினாலும் முதலில் ஒரு தாளில் பெயருக்கு நேரே நிறத்தை எழுதிவிடுவேன். சென்னைக்கு இது, கோவைக்கு இது, மதுரைக்கு இது. அறிக்கையின் 20 பக்கத்திலும் அந்த ஊருக்கு அந்த நிறம்தான். பவர் பிஐ-யில் 2017-இல் தீம் கோப்பு வசதி வந்த பிறகு இது எளிதாயிற்று. அது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. சார்ட்டுகளுக்கான நிறப் பட்டியல், பின்னணி, எழுத்து நிறம், நல்லது, நடுநிலை, கெட்டது ஆகியவற்றுக்குத் தனித்தனி நிறங்கள் என்று எல்லாம் அதில் அடங்கும். ஆனால் தீம் கோப்பும் நிறங்களின் வரிசையைத்தான் வைத்திருக்கிறது. இன்ன பெயருக்கு இன்ன நிறம் என்று கட்டிவைப்பது அறிக்கை செய்பவரின் கைவேலையாகவே இருக்கிறது.

டீஃபால்ட் நிறங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2003 வரைக்குமான எக்செலில் சாம்பல் பின்னணியில் வெளிறிய ஊதாவும் அரக்கும் நிற்கும். அந்தக் காலத்துப் பொறியியல் கல்லூரி புராஜெக்ட் ரிப்போர்ட் எதைப் புரட்டினாலும் அதுதான். 2007-இல் நீலம், செங்கல் சிவப்பு, ஆலிவ் பச்சை என்று மாறியது. 2013-இல் நீலமும் ஆரஞ்சும் முதலிரண்டு இடங்களுக்கு வந்தன. கோடிக்கணக்கான அறிக்கைகள் யாரோ ஒரு குழு முடிவு செய்த ஆறு நிறங்களில் வெளிவருகின்றன என்பதை நினைத்தால், அந்த ஆறு நிறங்களைத் தேர்வது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று தோன்றும். டேப்லோ நிறுவனம் 2016-இல் பத்தாம் பதிப்புக்காகத் தன் நிறங்களை மாற்றியபோது, நிற ஆய்வில் பல பத்தாண்டுகள் உழைத்த மோரீன் ஸ்டோனிடம் அந்த வேலை போனது. அறிவியலாளர்கள் பயன்படுத்தும் மாட்பிளாட்லிப் மென்பொருள் 2017 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பில், நீலத்தில் தொடங்கிப் பச்சை மஞ்சள் வழியாகச் சிவப்பில் முடியும் வானவில் வரிசையைக் கைவிட்டு, 'விரிடிஸ்' என்ற வரிசையை டீஃபால்டாக்கியது. அடர் ஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடிவது அது.

வானவில்லை ஏன் கைவிட வேண்டும்? அழகாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். நம் கண் நிறத்தைவிட வெளிச்சத்துக்கு அதிகம் கட்டுப்பட்டது. எது கூட, எது குறைவு என்று வரிசைப்படுத்தும்போது கண் தேடுவது இருட்டையும் வெளிச்சத்தையும்தான். கணினித் திரையில் வெள்ளையின் ஒளிர்வை 100 என்று கொண்டால், தூய பச்சையின் ஒளிர்வு சுமார் 72. தூய சிவப்பு 21. தூய நீலம் வெறும் 7. மஞ்சள் என்பது திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, ஆகவே 93. வானவில்லில் எண் சீராக ஏறிக்கொண்டே போகும்போது வெளிச்சம் நடுவில் ஏறி மறுபடி இறங்கிவிடுகிறது. இல்லாத மேட்டையும் பள்ளத்தையும் கண் பார்க்கிறது. இது வெறும் ரசனைச் சண்டை இல்லை. இதய ரத்தக் குழாய்களின் படங்களைக் கொண்டு மிஷெல் போர்கின் குழுவினர் ஹார்வர்டில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஆபத்தான பகுதிகளைக் கண்டுபிடிக்கும் திறன் முப்பரிமாண வானவில் படத்தில் 39 சதவீதமாக இருந்தது. தட்டையான படம், ஒழுங்கான நிற வரிசை என்று மாற்றியதும் 91 சதவீதமானது. நோயாளி அதே நோயாளி, குழாய் அதே குழாய்.

இந்த எண்களோடு மழை வரைபடத்துக்குத் திரும்பிப் பாருங்கள். தூய நிறங்களாகவே எடுத்துக்கொண்டால், நீலம் 7-இல் இருக்கிறது. வெளிர் நீலமும் பச்சையும் 70-களில். சிவப்பு 21-க்கு விழுகிறது. மஞ்சள் 93-க்கு எகிறுகிறது. வெள்ளை 100. தாலுகா அலுவலகத்தில் இதைக் கருப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் மிகை மழையும் பற்றாக்குறையும் இரண்டுமே கறுத்துக் கிடக்கும். கடும் பற்றாக்குறை தாளோடு தாளாகக் கரைந்துபோகும். நாங்கள் அன்று திரையைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பார்த்தோம். அவள் செய்த டாஷ்போர்டிலும் அப்படித்தான் நடந்தது. "காணாமலே போயிடுச்சே அக்கா" என்றாள். மழை இல்லாத மாவட்டங்களைத்தான் சொன்னாள்.

வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் கோடு போடாதே என்று நாங்கள் சொல்வதற்கும் இந்தக் கணக்குதான் காரணம். இணையத்தை எல்லோரும் அணுகும்படி செய்வதற்கான வழிகாட்டுதல்களின் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பு, சார்ட்டின் கோட்டுக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 3 இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளையின் மேல் தூய மஞ்சளுக்கு வரும் விகிதம் 1.07. சிவப்புக்கு 4. நீலத்துக்கு 8.6. மீட்டிங் ரூமில் புரொஜெக்டர் பழையதாக இருந்து, ஜன்னல் திரையும் போடாமல் இருந்தால் மஞ்சள் கோடு போட்ட காலாண்டையே யாரும் பார்க்கமாட்டார்கள்.

சிவப்பு, பச்சை என்ற ஜோடிக்கு வருகிறேன். இந்திய அலுவலகங்களில் இந்த ஜோடி இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் வாராந்திர நிலை: ரெட், ஆம்பர், கிரீன். வட்டவட்டப் பொட்டுகளாக வைத்துவிடுவார்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறை இருக்கிறது. பெண்களில் 200 பேரில் ஒருவருக்கு. எக்ஸ் குரோமோசோம் வழியே வரும் மரபுக் கூறு என்பதால் ஆண்களுக்கு அதிகம். நம் நாட்டிலும் இவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பலருக்கு ரயில்வே வேலைக்கோ ஓட்டுநர் உரிமத்துக்கோ மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போதுதான், ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட புள்ளிப் படங்களைக் காட்டும்போதுதான், தமக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவருகிறது.

இந்தக் குறை உள்ளவர்களின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. புனேவில் உள்ள திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் நிறக்குறை உள்ள மாணவர் ஒருவருக்குப் படத்தொகுப்புப் படிப்பில் இடம் மறுத்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்டவர்களை எல்லாப் படிப்புகளிலும் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. சினிமாவின் நிறங்களையே தொகுக்க ஒருவருக்கு உரிமை உண்டு என்றால், தன் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பொட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவருக்கு நாம் வழி செய்து தர வேண்டாமா? பொட்டுக்குப் பக்கத்தில் 'தாமதம்' என்று ஒரு சொல் எழுத ஒரு நிமிடம் ஆகுமா? பச்சைக்கு வட்டம், சிவப்புக்கு முக்கோணம் என்று வடிவத்தை மாற்றினால் போதும். எங்கள் குழுவில் ஒருவர் மூன்று ஆண்டுகளாக அந்தப் பொட்டுகளை வரிசையை வைத்து ஊகித்துப் படித்துவந்தார் என்று பின்னால் தெரிந்தது. வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தை உண்டாக்கியது எங்கள் டாஷ்போர்டு.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமான சிக்கல். திமுக, அதிமுக இரண்டு கொடியிலும் கருப்பும் சிவப்பும் உண்டு. அதனால் தேர்தல் முடிவு வரைபடங்களில் பெரும்பாலும் திமுகவுக்குச் சிவப்பையும், இரட்டை இலையை நினைவூட்டும் பச்சையை அதிமுகவுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். 2021-இல் 234 தொகுதிகளில் திமுக 133, அதிமுக 66. சிவப்பு, பச்சை பிரியாத கண்ணுக்கு அந்த இரவின் தமிழ்நாடு ஒரே பழுப்பு. ஐதராபாத்தில் நிலைமை வேறு. 2020 டிசம்பரில் மாநகராட்சித் தேர்தல் நடந்தபோது இளஞ்சிவப்பு, காவி, பச்சை என்று மூன்று நிறங்கள் 150 வார்டுகளில் ஏறக்குறைய சமமாகப் பரவின. இளஞ்சிவப்பும் காவியும் மங்கலான திரையில் ஒன்றையொன்று விழுங்கும். கட்சியின் நிறத்தை மாற்ற வரைபடக்காரருக்கு உரிமை இல்லை; நிறத்தின் அடர்த்தியை மாற்ற உண்டு. ஒன்றை இருட்டாகவும் மற்றதை வெளிச்சமாகவும் போட்டுவிட்டால் நிறம் பிரியாத கண்ணுக்கும் வார்டு பிரியும். இந்தச் சின்னக் கைவேலையைச் செய்த வரைபடங்களை விரல்விட்டு எண்ணலாம்.

எல்லைப் படிகளை எங்கே வைப்பது என்பது நிறத்தைவிடப் பெரிய கேள்வி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காக வகுக்கப்பட்ட காற்றின் தரக் குறியீட்டை 2015 ஏப்ரலில் பிரதமர் தொடங்கிவைத்தார். அடர் பச்சையில் தொடங்கி அடர் சிவப்பில் முடியும் ஆறு படிகள். ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 2.5 நுண்துகள் 70 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வையுங்கள். நம் குறியீட்டில் அது 60-க்கும் 90-க்கும் இடையிலான படி; நிறம் மஞ்சள்; பெயர் 'மிதமானது'. அதே காற்றை அமெரிக்கக் குறியீட்டில் போட்டால் சிவப்பு. பெயர் 'உடல்நலத்துக்குக் கேடு'. கொண்டாப்பூரில் இருந்துகொண்டு கைபேசியில் இரண்டு செயலிகளைத் திறந்து வைத்தால் குழந்தையை வெளியே விளையாட அனுப்பலாமா வேண்டாமா என்பதற்கு இரண்டு பதில் கிடைக்கும். நுரையீரல் ஒன்றுதான்.

நிறம் சட்டமாகவே மாறியதையும் நாம் பார்த்திருக்கிறோம். கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 30 அன்று, மத்திய சுகாதாரத் துறை நாட்டின் மாவட்டங்களை மூன்று நிறமாகப் பிரித்தது. 130 சிவப்பு, 284 ஆரஞ்சு, 319 பச்சை. தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி மட்டும் பச்சை. கொண்டாப்பூர் இருக்கும் ரங்காரெட்டி மாவட்டம் சிவப்பு. மத்திய அரசின் அன்றைய விதிப்படி பச்சை மாவட்டத்தில் பாதி இருக்கைகளோடு பேருந்து ஓடலாம். சிவப்பில் ஆட்டோ கூடாது. இங்கிருந்து சங்கர்பள்ளிப் பக்கம் போனால் வயலும் தோட்டமுமாக இருக்கும் ஊர்களும் அன்று அதே சிவப்புதான், ஒரே மாவட்டம் என்பதால். வரைபடத்தில் நிறம் பூசும்போது மாவட்டம் முழுவதும் ஒரே மாதிரி என்று நாம் சொல்லிவிடுகிறோம். மென்பொருளில் ஒரு சொடுக்கு. தரையில் ஒரு ஆட்டோக்காரரின் மாத வருமானம்.

நாடு மாறினால் நிறத்தின் பொருளும் மாறும். நம் பங்குச் சந்தைத் திரையில் ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. சீனாவிலும் ஜப்பானிலும் தென்கொரியாவிலும் ஏறினால்தான் சிவப்பு. ஐதராபாத்தில் உட்கார்ந்து டோக்கியோவுக்கு டாஷ்போர்டு செய்பவர்கள் இதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள், பெரும்பாலும் பட்டுத்தான்.

நிறத்தைத் தவிர மற்ற உறுப்புகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நமக்கென்று சில தலைவலிகள் இருக்கின்றன. பவர் பிஐ-யில் அச்சின் எண்களைச் சுருக்கிக் காட்ட ஆயிரம், மில்லியன், பில்லியன், டிரில்லியன் என்று பட்டியல் இருக்கும். லட்சமும் கோடியும் இருக்காது. 1.25 கோடி ரூபாய் என்பது 12.5 எம் என்று வந்து நிற்கும். மாவட்ட அலுவலர் ஒருவர் அதைப் பார்த்து மனத்துக்குள் மாற்றிக் கணக்குப் போடும் அந்த மூன்று விநாடியில் சார்ட்டின் பயனே போய்விடுகிறது. சூத்திரம் எழுதி லட்சம் கோடிக்கு மாற்ற முடியும். எக்செலிலும் காற்புள்ளியை நம் வழக்கப்படி வைக்க எண் வடிவம் எழுதலாம். 140 கோடிப் பேர் எண்ணும் முறைக்குப் பட்டியலில் ஓர் இடம் இல்லாமல், ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவர் உட்கார்ந்து அந்தச் சூத்திரத்தை எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு ஆறாத குறை.

தமிழில் அறிக்கை செய்தால் ஊர்ப் பெயர்களும் பாடாய்ப் படுத்தும். திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி. நின்ற பட்டைகளாகச் சார்ட் போட்டால் கீழே இந்தப் பெயர்கள் கொள்ளாது. மென்பொருள் அவற்றைச் சாய்க்கும், பிறகு செங்குத்தாக நிறுத்தும், கடைசியில் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடும். 'திரு…' என்று ஏழு மாவட்டங்கள் நிற்கும். பட்டைகளைப் படுக்கவைத்துவிட்டால் பெயர்கள் இடப்பக்கம் வரிசையாக அமர்ந்துகொள்ளும். கழுத்தைச் சாய்க்க வேண்டியதில்லை. தமிழ் சார்ட் என்றால் படுத்த பட்டை என்று நான் முடிவே செய்துவிட்டேன். பின்னணிக் கட்டக் கோடுகளை மெல்லிய சாம்பலாக்குவது, ஓரத்து நிற விளக்கத்தை நீக்கிவிட்டுக் கோட்டின் நுனியிலேயே பெயரை எழுதுவது, இவை இரண்டும் எந்த மொழிக்கும் பொது. ஆனால் எட்டு நிறத்துக்கு ஓரத்தில் விளக்கம் வைத்து, படிப்பவர் தலையை இங்கும் அங்கும் ஆட்டவைப்பதை இன்னும் பலர் விடவில்லை.

எட்டு நிறம் எதற்கு என்று கேட்கத் தெரிந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் புடவைக் கடையில் என் அம்மா பேசும்போது கேட்டிருக்கிறேன். அரக்கு, மயில்கழுத்து, கிளிப்பச்சை, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்தியதால் பெயர்பெற்ற எம்.எஸ். ப்ளூ. ஒவ்வொன்றும் தெளிவான ஒரு நிறம். ஆறு இலக்கக் குறியீடு இல்லாமலே கடைக்காரர் சரியான புடவையை எடுத்துப்போடுவார். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், முந்திக்கு மட்டும் எடுப்பு. கரை வேறு நிறமாக இருந்தால்தான் உடல் எங்கே முடிகிறது என்று தெரியும் என்பார் அம்மா. ஒன்றை முன்னே நிறுத்த மற்றவற்றை அடக்க வேண்டும் என்ற பாடம் எனக்கு அங்கேதான் கிடைத்தது. இங்கே தெலங்கானாவில் பதுக்கம்மா பண்டிகைக்கு ஆவாரம்பூவைத் தங்கேடு என்று சொல்லிப் பறித்து வந்து தாம்பாளத்தில் வட்டவட்டமாக அடுக்குகிறார்கள். வெள்ளைக் குனுகுப் பூவைச் சாயத்தில் முக்கியும் வைப்பார்கள். அடுத்தடுத்த வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி இடையில் வேறு நிற வரிசை ஓடும். பத்து வயதுப் பெண் குழந்தை அதைத் தயங்காமல் செய்கிறாள். இந்தக் கண்ணை அலுவலக வாசலில் கழற்றிவைத்துவிட்டு, மென்பொருள் கொடுத்த நிறம் போதும் என்று நாம் உட்கார்ந்துவிடுகிறோம்.

மழை வரைபடத்தை அவள் இரண்டு நாள் கழித்து மறுபடி செய்தாள். சிந்தியா புரூவர் என்ற அமெரிக்க நிலவரைபட அறிஞர் தொகுத்த நிற வரிசைகளில் ஒன்று, பழுப்பில் தொடங்கி நடுவில் வெளிறி நீலப்பச்சையில் முடியும். நிறக்குறை உள்ளவர்களும் பிரித்தறியக்கூடியது. அதை எடுத்துக்கொண்டாள். ஈரம் கூடினால் நீலப்பச்சை அடர்த்தியாகும். காய்ந்தால் பழுப்பு அடர்த்தியாகும். இயல்பு நடுவில் வெளிறி நிற்கும். சாம்பலுக்கு மாற்றிப் பார்த்தபோது இரண்டு ஓரமும் கறுத்து, இயல்பான மாவட்டங்கள் வெளுத்துப் பின்வாங்கின. எது வறட்சி, எது வெள்ளம் என்று சாம்பலில் சொல்ல முடியவில்லைதான். அதற்காக ஒவ்வொரு மாவட்டத்தின் மேலும் சதவீதத்தைக் கூட்டல், கழித்தல் குறியோடு எழுதிவைத்தாள். பழுப்பின் கடைசிப் படியை மட்டும் பட்டியலில் இருந்தபடி விடாமல் இன்னும் கொஞ்சம் இருட்டாக்கியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "எங்க ஊர்ல மழை இல்லேன்னா நிலம் சிவக்காது அக்கா. வெடிச்சுக் கறுத்துப்போகும்" என்றாள். கரிசல்காட்டுக்காரி.

படிகளில் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. 19 சதவீதம் குறைந்தால் இயல்பு, 20 குறைந்தால் பற்றாக்குறை. பழைய நிறங்களில் அந்த ஒரு சதவீதம் பச்சையைச் சிவப்பாக்கிவிடும். புதியதில் வெளிறிய நிறம் இளம் பழுப்பாகும், தாவல் சின்னதாயிற்று. ஆனால் நிவாரணம் பேசும் கூட்டத்துக்கு அந்தத் தாவல் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஒருவர் வாதிடலாம். அவர் சொல்வதையும் நான் ஒதுக்கமாட்டேன். யாருக்காக வரைகிறோம் என்று தெரியாமல் அதைத் தீர்க்க முடியாது.

கடைசியாக, இரண்டு மாவட்டங்களுக்கு அந்த வாரத் தகவல் கோப்பில் வரவில்லை. நிற விதி எழுதும் பெட்டியில் வெற்று மதிப்பை என்ன செய்வது என்று மென்பொருள் கேட்டது. சுழியமாகக் கொள்வது அங்கே இருந்த தேர்வுகளில் ஒன்று. அதை எடுத்தால் தகவல் வராத மாவட்டமும் இயல்பான மழை பெய்த மாவட்டமும் ஒரே நிறமாகிவிடும். அவள் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு தனி நிறம் என்பதைத் தேர்ந்து சாம்பலைக் கொடுத்தாள். தீம் கோப்புக்குப் பெயர் கேட்டபோது 'மானாவாரி' என்று தட்டச்சு செய்து சேமித்தாள். வெளியே மழை விட்டிருந்தது. கொத்தகூடாவில் வண்டிகள் இன்னும் நகரவில்லை.